யாரோடு ஓய்வது?

கலும்பாங்கில் நான் அதிகம் கேட்கும் புகார்கள் இரண்டு. முப்பதை நெருங்கும் என் வயதுக்காரர்கள் "நேரமே இல்ல" என்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் "பொழுதே போவல" என்கிறார்கள். இரண்டையும் ஒரே சாப்பாட்டுக்கடையில், பக்கத்துப் பக்கத்து மேசைகளில் கேட்கலாம். இளையவர் தே தாரேக் ஆறுவதற்குள் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். பெரியவர் பசியாறி முடித்த பிறகும் ஆறிய கோப்பியை வைத்துக்கொண்டு பத்து மணி வரை உட்கார்ந்திருப்பார். ஒருவருக்கு இல்லாதது இன்னொருவருக்கு மிஞ்சிக் கிடக்கிறது. இரண்டு பேர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

இதற்கு ஊரில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: சின்ன வயசிலேயே எதிலாவது ஈடுபாடு வைத்துக்கொள், வயசான காலத்தில் கைகொடுக்கும். மீன் பிடி, செடி வை, புத்தகம் படி, கிட்டார் கத்துக்கோ. தப்பான அறிவுரை இல்லை. ஆனால் ஓய்வு நேரம் என்பது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் தனித்தனியாகக் கிடக்கும் காசு என்று அது எடுத்துக்கொள்கிறது. எதில் செலவழிப்பது என்பது மட்டுமே கேள்வி என்று நினைக்கிறது. எனக்குச் சந்தேகம் வருவது அந்த இடத்தில்தான். என் ஓய்வு நேரத்தின் மதிப்பு, அதே நேரத்தில் வேறு யாருக்கெல்லாம் ஓய்வு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது உண்மையானால், வயது ஏற ஏற நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது பொழுதுபோக்கை விட முக்கியமான வேறொன்று.

முதலில் கணக்கு. நான் ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். வயது 28. இன்னும் கலும்பாங்கில் அப்பா அம்மாவோடுதான் வீடு. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். வேலை 45 மணி நேரம்; 2023 ஜனவரி 1 முதல் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வைத்திருக்கும் உச்ச வரம்பு அது, அதற்கு முன்பு 48. மதிய இடைவேளை 5. போகவர 9. தூக்கம் 49. குளியல், சாப்பாடு, துணிமணி, கடைகண்ணி எல்லாம் சேர்த்து 14. கூட்டினால் 122. மிச்சம் 46 மணி நேரம். முதலாளிக்குக் கொடுப்பதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகவே என் கையில் இருக்கிறது.

இந்தக் கணக்கை நண்பர்களிடம் காட்டினால் சிரிக்கிறார்கள். "எங்கடா இருக்கு அந்த நாப்பத்தாறு?" நியாயமான கேள்விதான். கைப்பேசியில் கரைந்துபோவது ஒரு பங்கு. ஆனால் அது மட்டும் காரணமில்லை. புதன்கிழமை ராத்திரி எனக்கு இரண்டு மணி நேரம் காலியாக இருக்கும்போது ஒருவன் இரவு ஷிப்டில் இருக்கிறான். இன்னொருவன் சிங்கப்பூரில் வேலை முடிந்து ஜொகூர் பாலத்தில் மோட்டார் வரிசையில் நிற்கிறான். மூன்றாமவன் ஓ.டி. செய்கிறான். எல்லாரிடமும் நேரம் இருக்கிறது, ஒரே நேரத்தில் இல்லை. தனியாக மிச்சமாகும் இரண்டு மணி நேரத்துக்குக் கைப்பேசியைவிடச் சுலபமான துணை எது?

தமிழில் இதற்கு நாம் புழங்கும் சொற்களும் கொஞ்சம் சோகமானவை. 'ஓய்வு' ஓய்தலிலிருந்து வருகிறது. மழை ஓய்வதும் மனுஷன் ஓய்ந்துபோவதும் அதே வினைதான். 'பொழுதுபோக்கு' என்றால் பொழுதை எப்படியாவது போக்கிவிடுவது, வந்த விருந்தாளியைப் பேசிப் பேசி அனுப்பிவைக்கிற மாதிரி. மலாய்க்காரர்கள் 'மாசா லாப்பாங்' என்கிறார்கள். லாப்பாங் என்றால் விசாலமானது, திறந்து கிடப்பது. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குத் தோட்டத்துத் திடல்தான் ஞாபகம் வரும். திடல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒருத்தன் மட்டும் நின்றால் அங்கே ஆட்டம் இல்லை.

அப்பா பிறந்து வளர்ந்தது சிலாங்கூரும் பேராக்கும் சந்திக்கும் இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். பால்மரத் தோட்டத்தின் நாளை மரத்தின் உடம்புதான் தீர்மானித்தது. விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் அழுத்தம் இறங்கும், பால் ஓட்டமும் குறையும். அதனால் இருட்டிலேயே பெரட்டு, விடியும் நேரத்தில் மரத்தடி, வெயில் ஏறியதும் பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டுப் பிற்பகலில் வீடு. உழைப்பைக் கடைசிச் சொட்டு வரை எடுக்கப் போட்ட கணக்கு அது. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் காலியானது. ஞாயிறும் சம்பள நாளும் திருவிழாவும் திடலில் படம் போடும் ராத்திரியும் எல்லாருக்கும் ஒன்றாகவே வந்தன.

1980களின் பின்பாதியில் அந்தத் தோட்டத்து இளைஞர்கள் ஏழு பேர் ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். அதில் அப்பாவுக்கு டோலக். கல்யாணம், கோயில் திருவிழா என்று தோட்டம் தோட்டமாக லாரியில் போய் வாசித்திருக்கிறார்கள். பெரிய பணம் ஒன்றும் இல்லை. ஒத்திகை ஆயாக்கொட்டகையில், சாயங்காலம் ஐந்து மணிக்கு. நான் அப்பாவிடம் விசாரித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது அவர்கள் வாசித்த பாட்டுகள் இல்லை. "எப்படிப்பா நாள் குறிப்பீங்க?" என்று கேட்டதற்கு அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நாள் எதுக்குக் குறிக்கணும்? அஞ்சு மணிக்கு எல்லாரும் அங்கதான இருப்போம்."

தோட்டத்து வாழ்க்கையைச் சர்க்கரையில் முக்கி எழுதும் பழக்கம் நம்மிடையே நிறைய உண்டு. அந்த வரிசையில் சேர எனக்கு விருப்பமில்லை. அந்தப் பிற்பகல் தொழிலாளியின் கையில் உண்மையாகவே இருந்ததா என்று கேட்க வேண்டும். வேலை முடிந்து வருகிறவனுக்குக் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொடுத்தது நிர்வாகம். காலையில் கொடுத்த கூலியில் ஒரு பங்கு சாயங்காலமே அங்கே போனது. ஓய்வு நேரத்தையும் ஒருவர் திட்டமிட்டுக் கொடுத்தால் அது வேலை நாளின் தொடர்ச்சிதான்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் நம்மிடம் இருந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி சிலாங்கூர் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தை நாம் கூலிப் போராட்டமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற அந்தப் போராட்டத்தில், சீனத் தொழிலாளிக்குச் சமமான ஊதியம் என்பது முக்கியமான கோரிக்கை. ஆனால் பட்டியல் அதோடு முடியவில்லை. 10, 12 மணி நேர வேலை நாள் ஒழிய வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினரும் நண்பர்களும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும். துரைக்கும் கிராணிமாருக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போக விட வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். மரத்தடியில் நிற்கும் தொழிலாளியைப் பற்றி மட்டும் பேசும் பட்டியல் இல்லை இது. வேலை முடிந்து போகிற மனிதன் எங்கே போகலாம், யார் அவனைப் பார்க்க வரலாம், யாரோடு உட்காரலாம் என்றும் கேட்கிறது. நாதன் கைதானார், இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பித்து ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். நாம் சோம்பேறித்தனமாகக் கழிக்கும் சாயங்காலத்துக்குப் பின்னால் இப்படி ஒரு விலையும் இருக்கிறது.

அப்பாவின் குழு ஆர்வம் குறைந்து கலையவில்லை. 1990களில் அவர்கள் தோட்டத்தில் பால்மரம் போய் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. ஏழு குடும்பங்களும் ரவாங், புக்கிட் பெருந்தோங், கிள்ளான், பினாங்கு என்று பிரிந்தன. அப்பா தொழிற்சாலை வேலைக்குப் போனார். ஒரு வாரம் காலை ஷிப்டு, அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்த வாரம் இரவு. தோட்டத்தைவிட நல்ல சம்பளம், சொந்த வீடு, ஊழியர் சேமநிதி. மணிக்கணக்கில் பார்த்தால் ஓய்வும் கூடத்தான் செய்தது. ஆனால் அவருடைய ஓய்வு நாள் மற்ற ஆறு பேரின் ஓய்வு நாளோடு சேரவே இல்லை. டோலக் அலமாரிக்கு மேலே போனது. கட்டாயம் கொடுத்த பொது நேரத்தை, சுதந்திரம் வந்து கலைத்துவிட்டது. கட்டாயத்துக்குத் திரும்ப முடியாது, திரும்பவும் கூடாது. அப்படியென்றால் பொது நேரத்தை இனி யார் உண்டாக்குவது?

ஒரு நாடே இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1929இல் சோவியத் ஒன்றியம் இயந்திரங்கள் ஒரு நாளும் நிற்கக்கூடாது என்று முடிவெடுத்து ஏழு நாள் வாரத்தைக் கைவிட்டது. தொழிலாளர்களை ஐந்து பிரிவாகப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் கொடுத்தார்கள். நான்கு நாள் வேலை, ஐந்தாவது நாள் ஓய்வு. எந்த நாளை எடுத்தாலும் ஐந்தில் ஒரு பங்கினர்தான் ஓய்வில் இருப்பார்கள். தனி ஆள் கணக்கில் இது லாபம்: ஏழு நாளுக்கு ஒரு விடுமுறை என்பது ஐந்து நாளுக்கு ஒன்றானது. ஆனால் கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு இன்னொரு நிறம் என்றால்? பிள்ளை பள்ளியில், நண்பர்கள் வேலையில். வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது விடுமுறையா என்று மக்கள் முணுமுணுத்தார்கள். இன்னொரு பக்கம், நிற்காமல் ஓடிய இயந்திரங்களும் பழுதாகத் தொடங்கின. பராமரிப்புக்காரன் எனக்கு அதில் ஆச்சரியமில்லை. 1931இல் எல்லாருக்கும் பொதுவான ஓய்வு நாள் கொண்ட ஆறு நாள் வாரத்துக்கு மாறினார்கள். 1940இல் ஞாயிறே திரும்பி வந்தது.

ரஷ்யா வரை போகவும் வேண்டாம். நான் ஜொகூரில் ஓர் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். ஜொகூர் 2014இல் வார விடுமுறையை வெள்ளி, சனிக்கு மாற்றியிருந்தது. 2025 ஜனவரியில்தான் மறுபடியும் சனி, ஞாயிறுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் படித்தவர்களுக்கு இது தெரியும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கூடும்போது நான் விரிவுரையில் இருப்பேன். எனக்கும் வாரம் இரண்டு நாள், அவர்களுக்கும் இரண்டு நாள். சேர்ந்திருந்தது சனி ஒன்றுதான். ஒரு மணி நேரம்கூடக் குறையாமல் ஓய்வு பாதியானது.

வயதின் கேள்விக்கு வருகிறேன். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். வயதாக ஆக மனிதர்கள் புதிய அறிமுகங்களைக் குறைத்துக்கொண்டு மனதுக்கு நெருக்கமான சிலரோடு நேரம் செலவிடவே விரும்புகிறார்கள் என்பது அவர் கண்டது. இதற்குக் காரணம் வயதின் எண்ணிக்கை இல்லை, இன்னும் எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்ற உணர்வு. 1997இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படவிருந்த நாட்களில் அங்கே நடந்த ஆய்வில், ஒரு காலம் முடியப்போகிறது என்று உணர்ந்த இளையவர்களும் முதியவர்களைப் போலவே பழகியவர்களைத் தேடினார்கள். நேரம் குறைகிறது என்று தெரிந்ததும் மனிதன் 'என்ன செய்யலாம்' என்பதை விட்டு 'யாரோடு இருக்கலாம்' என்று கேட்கத் தொடங்குகிறான்.

அரிஸ்டாட்டில் தன் ஒழுக்கவியல் நூலில் நட்பைப் பற்றி எழுதும்போது கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வருகிறார். ஒவ்வொருவரும் வாழ்க்கையில் எதை மிகவும் நேசிக்கிறார்களோ அதை நண்பர்களோடு சேர்ந்து செய்யவே விரும்புகிறார்கள்: சிலர் சேர்ந்து குடிக்கிறார்கள், சிலர் சேர்ந்து தாயம் உருட்டுகிறார்கள், சிலர் வேட்டைக்குப் போகிறார்கள், சிலர் தத்துவம் பேசுகிறார்கள். எதைச் செய்வது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. சேர்ந்து செய்வது மட்டும் மாறவில்லை.

கொள்கை பேசுவது சுலபம். சம்பளச் சீட்டு வரும்போதுதான் சோதனை. இந்த வருடம் எனக்கு அது வந்தது. தொழிற்சாலையில் பொறியாளர்களுக்கும் 12 மணி நேர ஷிப்டு கொண்டுவந்தார்கள்: நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. விருப்பப்பட்டவர்கள் போகலாம். ஷிப்டு படி மாதம் கிட்டத்தட்ட 700 வெள்ளி கூடுதல். கணக்கும் கவர்ச்சிதான். சராசரியாக வாரத்துக்கு 42 மணி நேர வேலை. வருடத்தில் 182 நாள் ஓய்வு; இப்போது எனக்குச் சனி ஞாயிறு சேர்த்து 104. என்னோடு வேலை செய்கிறவர்கள் "யோசிக்க என்னடா இருக்கு?" என்றார்கள்.

நான் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். எட்டு நாள் சுழற்சி ஏழு நாள் வாரத்தோடு ஒட்டாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். எட்டு வாரத்தில் நான்கு ஞாயிறு எனக்கு ஓய்வாக விழும். சனியும் ஞாயிறும் சேர்ந்து கிடைப்பது மூன்று வாரம்தான். வருடத்துக்கு 52 வார இறுதிகள் 19, 20 ஆகிவிடும். மிச்ச ஓய்வு நாட்கள் செவ்வாயும் வியாழனுமாக, ஊரே வேலைக்குப் போன பிறகு, கேட்பாரற்றுக் கிடக்கும். 78 நாள் கூடுதல் ஓய்வு, ஆனால் அந்த நாட்களில் என்னோடு இருக்க யாரும் இல்லை. நான் போகவில்லை. 700 வெள்ளி சின்னத் தொகை இல்லை. வீட்டுக் கடன் விண்ணப்பத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டியிருந்தது. 'வேண்டாம்' என்று சொல்லும் வசதி எனக்கு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்பாவிடம் யாரும் எந்த ஷிப்டு வேண்டும் என்று கேட்டதில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. முதலாவது, தனிமை. வாசிப்பும் எழுத்தும் தனியாக நடப்பவை. இந்தக் கட்டுரையே ராத்திரி பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியதுதான். மோன்டேன் 1571இல், 38 வயதில், வேலையை விட்டுவிட்டுத் தன் கோபுரத்து நூலகத்தில் ஒதுங்கினார். அமைதி கிடைக்கும் என்று போனவருக்கு மனம் அவிழ்த்துவிட்ட குதிரை மாதிரி ஓடியதாம். அந்த ஓட்டத்தைப் பதிவுசெய்யத்தான் எழுதத் தொடங்கினேன் என்கிறார். ஆனால் அந்தக் கோபுரத்தில் அவர் உண்மையில் தனியாக இல்லை. இறந்துபோன நண்பர் லா போயசியின் புத்தகங்கள் அவரோடு இருந்தன. நட்பைப் பற்றிய கட்டுரையை அந்த நண்பருக்காகவே எழுதினார். தனிமையை நான் மறுக்கவில்லை. திரும்பிப் போக ஆட்கள் இருக்கிறவனுக்கு அது ஓய்வு, இல்லாதவனுக்கு அதே அறை வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது மறுப்பு, கடமை. சிறிய ஊரில் பட்டம் வாங்கிய ஆள் என்றால் கோயில் நிர்வாகம் கூப்பிடும், தமிழ்ப்பள்ளி கூப்பிடும், படிவம் 5 பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடு என்பார்கள். நண்பர்களோடு கழிக்கும் நேரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று இதையெல்லாம் தட்டிக்கழிக்கலாமா? நான் தட்டிக்கழிப்பதில்லை. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கணித வகுப்பு எடுக்கிறேன். ஆனால் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனால் அது இன்னொரு பெரட்டு. நான் வைத்திருக்கும் அளவுகோல் சாதாரணமானது: அங்கே நாங்கள் சேர்ந்து ஒன்றைச் செய்கிறோமா, இல்லை பெயர்ப் பட்டியலில் ஓர் இடத்தை நிரப்புகிறேனா? பன்னிரண்டு பிள்ளைகள் சனிக்கிழமை தூக்கத்தை விட்டு வருகிறார்கள் என்றால் அவர்களும் தங்கள் ஓய்வைத்தான் கொண்டுவருகிறார்கள். அது கூட்டு நேரம். மூன்று மணி நேரக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து புலனம் பார்ப்பது அப்படியில்லை.

இவை இரண்டையும்விடக் கடினமான கேள்வி வீட்டுக்குள் இருக்கிறது. சேர்ந்து தத்துவம் பேசிய அரிஸ்டாட்டிலின் நண்பர்களுக்குச் சோறு ஆக்கியது யார்? அடிமைகள். அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? அம்மா. நாங்கள் ஓய்வு என்று சொல்லும் நாளில் அவருக்குச் சமையல் கூடும், பாத்திரம் கூடும், வருகிறவர் போகிறவருக்குத் தண்ணி கலக்கும் வேலை கூடும். ஓய்வு என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியது என்று எழுதிவிட்டு, அந்த 'எல்லாரில்' அம்மாவை விட்டுவிட்டால் அந்த வாதம் செல்லாது.

இப்போது ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. கடையில் தாப்பாவ் வாங்கி வருகிறோம். பாத்திரம் எங்கள் பொறுப்பு. "காசு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று முதல் இரண்டு வாரம் சண்டை போட்டார். மூன்றாவது வாரம் ஒரு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தார். நாற்பது வருடமாக யாரும் கொடுக்காத ஒன்றைத் திடீரென்று கையில் திணித்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அடுத்த மாதம் கெர்லிங்கில் இருக்கும் சின்னம்மாவை வரச்சொன்னார். சின்னம்மா வீட்டிலும் ஞாயிறு அடுப்பு அணைய வேண்டியிருந்தது. சித்தப்பா இன்னும் முனகிக்கொண்டுதான் இருக்கிறார். பார்த்தீர்களா, ஒருவருக்கு ஓய்வு வேண்டுமென்றால் இரண்டு வீட்டில் வேலை மாற வேண்டியிருக்கிறது.

அப்பா இந்த வருடம் 60ஐ எட்டி ஓய்வு பெற்றார். முதல் மாதம் நன்றாகத் தூங்கினார். இரண்டாவது மாதம் "சும்மா இருந்து என்ன பண்றது?" என்று கேட்கத் தொடங்கினார். தாயுமானவர் போன்றவர்களுக்குச் சும்மா இருத்தல் என்பது ஞானத்தின் உச்சி. அப்பாவுக்கு அது திங்கட்கிழமை காலை பதினோரு மணி. அமெரிக்காவில் கிறிஸ்டோபல் யங், சேயூன் லிம் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வேலைக்குப் போகிறவர்களின் மனநிலை சனி ஞாயிறில் உயர்கிறது, இது எதிர்பார்த்ததுதான். வேலையில்லாதவர்களின் மனநிலையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு அந்த இரண்டு நாளில்தான் உயர்கிறது. ஏழு நாளும் அவர்களுக்கு ஓய்வுதான், ஆனால் மற்றவர்களுக்கும் ஓய்வு வரும்போதுதான் அது ஓய்வாகிறது. கடையில் ஆறிய கோப்பியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குக் குறைவது பொழுதுபோக்கு இல்லை என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் அப்பாவின் குழுவைத் தேடினேன். ஏழு பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. ஒருவர் பினாங்கில், நடக்க முடியாது. ஒருவர் இதெல்லாம் இப்ப எதுக்கு என்றார். மீதி அப்பாவையும் சேர்த்து மூன்று பேர். ஆர்மோனியக்காரர் ரவாங்கில் ஜாகா வேலை பார்க்கிறார். 64 வயதில் 12 மணி நேரம், வாரத்தில் செவ்வாய் மட்டும் லீவு. அவரைக் குறை சொல்ல முடியாது, சேமநிதியில் எடுத்தது மகள் கல்யாணத்தில் முடிந்துவிட்டது. அதனால் ஞாயிறு சரிவரவில்லை, செவ்வாய் ராத்திரி என்று முடிவானது. கலும்பாங்கில் கொமூட்டர் நிற்காது. அப்பா தஞ்சோங் மாலிம் போய் ரயிலேறி ரவாங்கில் இறங்குகிறார். நான் வேலை முடிந்து அவரை ஏற்றிக்கொண்டு போகிறேன். பத்து மணிக்குமேல் இரண்டு பேரும் காடியில் வீடு திரும்புகிறோம். டோலக்கின் தோல் போய்விட்டது, மாற்றக் கொடுத்திருக்கிறது. அதுவரை அப்பா மேசையில் தட்டுகிறார். வாசிப்பு பிரமாதம் என்றெல்லாம் சொல்ல முடியாது. பாதி நேரம் பேச்சுதான், அதிலும் பாதி யார் செத்தார் என்ற கணக்கு.

ஆனால் செவ்வாய் ராத்திரி யாராவது ஓ.டி.க்கோ கூட்டத்துக்கோ கூப்பிட்டால், நானும் இப்போது என் வயதுக்காரர்களைப் போலவே பதில் சொல்கிறேன்: நேரமே இல்ல.